பெருகுவதா, தசையாவதா? ஒரு செல்லுக்கு யார் சொல்கிறார்கள்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கி, சில இடங்களில் விளக்கம் சேர்த்திருக்கிறோம்.)

இன்றைக்குத் தசையைப் பற்றிப் பேசப் போகிறோம். ஜிம், புரோட்டீன் பவுடர் கதை இல்லை, அதற்கும் முந்தைய கதை. ஒரு சாதாரண செல் எப்படித் தசையாக மாறுகிறது, எப்போது மாறலாம்னு அதற்கு யார் சொல்கிறார்கள் என்பதுதான் இன்றைய விஷயம். இதில் நிறையப் புரதங்களின் பெயர்கள் வரும். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்க: இந்தச் செல் இப்போது பெருகப் போகிறதா, தசையாகப் போகிறதா? மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

ஏன் இந்தக் கேள்வி முக்கியம்? நம் கை, கால், முதுகு, உதரவிதானம் இதிலெல்லாம் இருக்கிற எலும்புத் தசையின் ஒரு இழையை எடுத்துப் பார்த்தால், அது ஒரு விசித்திரமான பொருள். ஒரே செல்தான், ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கில், நீளமான இழைகளில் ஆயிரக்கணக்கில்கூட, உட்கருக்கள் இருக்கும். காரணம், அது ஒரு செல் வளர்ந்து உண்டானது இல்லை. மயோபிளாஸ்ட் என்கிற சின்னச் சின்ன செல்கள் வரிசையாக வந்து ஒன்றோடு ஒன்று கலந்து, நடுச்சுவர் இல்லாத ஒரே நீளக் குழாயாகிவிட்டன. அப்படிக் கலந்தபிறகு அந்த உட்கருக்கள் மறுபடி பிரிவதே இல்லை. திரும்பி வர வழியில்லாத பாதை அது.

அதனால் கணக்கு ரொம்பக் கறாரானது. சீக்கிரமே எல்லாச் செல்லும் தசையாகிவிட்டால், போதுமான எண்ணிக்கை சேர்ந்திருக்காது, தசை சிறுத்துப்போகும். தசையாகாமல் பெருகிக்கொண்டே இருந்தால் அது புற்றுநோய். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நேரத்தில் திருப்பிவிடுகிற வேலையைச் செய்பவைதான் செல்லுக்கு வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகள்.

பட்டினி போட்டால் தசையாகும்

ஆய்வகத்தில் தசை ஆராய்ச்சி செய்யும் யாரைக் கேட்டாலும் சி2சி12 என்கிற செல் வகையைத் தெரியும் என்பார்கள். 1977-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் யாஃபேயும் ஓரா சாக்செலும் எலித் தசையிலிருந்து வளர்த்தெடுத்த செல்களின் வழித்தோன்றல் அது. பிற்பாடு ஹெலன் பிளாவின் குழு அதிலிருந்து பிரித்தெடுத்த கிளைதான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது.

இந்தச் செல்களை வளர்ப்பது சுலபம். ஊட்ட நீரில் கன்றுக்கருவின் சீரத்தை 10 முதல் 20 சதவீதம் கலந்து கொடுத்தால், தட்டு முழுக்கப் பெருகும். தட்டு நிறைந்ததும் அந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் 2 சதவீதம் குதிரைச் சீரம் கலந்த நீரை ஊற்றுவார்கள். அதாவது சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். அடுத்த சில நாட்களில் செல்கள் நீளமாகி, வரிசையாக ஒட்டி, ஒன்றோடொன்று கலந்து குழாய்களாகிவிடும். ஒருசில தட்டுகளில் அவை தானாகவே துடிப்பதைக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்.

கவனிச்சீங்களா? தசையாகு என்று யாரும் புதிதாக ஒரு கட்டளை கொடுக்கவில்லை. பெருகு என்று சொல்லிக்கொண்டிருந்த சத்தத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். தசையாகும் எண்ணம் அந்தச் செல்லுக்குள் முன்பே இருந்திருக்கிறது. அப்படியென்றால் அதை இதுவரை தடுத்து வைத்திருந்தது எது?

ஒரு மரபணு போதும். ஆனால் போதாது

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். 1979-இல் டெய்லர், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிக்கருவிலிருந்து எடுத்த இணைப்புத்திசு செல்களுக்கு 5-அசாசைட்டிடின் என்கிற மருந்தைக் கொடுத்தார்கள். செல்களில் ஒரு பகுதி தசையாகிவிட்டது. சில கொழுப்புச் செல்லாயின, சில குருத்தெலும்புச் செல்லாயின. அந்த மருந்து, டி.என்.ஏ.மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் பூட்டுகளைக் கழற்றிவிடும். எந்தப் பூட்டு கழன்றதால் தசை வந்தது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஹரால்டு வைன்ட்ராப்பின் ஆய்வகம் இதைத் துரத்திப் பிடித்தது. 1987-இல் ராபர்ட் டேவிஸ், வைன்ட்ராப், ஆண்ட்ரூ லாசர் மூவரும் மயோ-டி என்கிற மரபணுவைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். இந்த ஒற்றை மரபணுவை இணைப்புத்திசு செல்லுக்குள் செலுத்தினால் போதும், அது தசைச் செல்லாகிவிடும். இரண்டு வருஷம் கழித்து நிறமிச் செல், கொழுப்புச் செல், நரம்புச் செல், கல்லீரல் செல் வகைகளில் போட்டுப் பார்த்தபோது அவற்றிலும் தசை மரபணுக்கள் விழித்துக்கொண்டன. ஒரு செல்லின் அடையாளத்தை ஒரே மரபணுவால் மாற்றலாம் என்பது அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காதது. 2006-இல் யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு தோல் செல்லைக் குருத்தணுவாக மாற்றினாரே, அந்த யோசனைக்கு மயோ-டி ஒரு முன்னோடி. வைன்ட்ராப் 1995-இல், 49 வயதில், மூளைப் புற்றுநோயால் காலமானார். அதையெல்லாம் பார்க்க அவர் இல்லை.

சரி, இப்போது சிக்கலுக்கு வருவோம். பெருகிக்கொண்டிருக்கிற சி2சி12 செல்லை உடைத்துப் பார்த்தால், அதற்குள் மயோ-டி ஏற்கெனவே இருக்கிறது! தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் உத்தரவு எதுவும் வெளியே போகவில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கேள்வி இதுதான். மயோ-டி என்ன செய்யும் என்பதைக் காட்டிலும், மயோ-டியை எது வாயைக் கட்டி வைத்திருக்கிறது என்பது.

பதிலின் முதல் பாதி அதே ஆய்வகத்திலிருந்தே 1990-இல் வந்தது. மயோ-டி தனியாக வேலை செய்யாது. 'இ' புரதங்கள் என்ற வகையில் ஒன்றோடு ஜோடி சேர்ந்தால்தான் டி.என்.ஏ.வை இறுகப் பிடிக்க முடியும். வண்டிக்கு இரண்டு மாடு வேண்டும் என்பது மாதிரி. பெருகும் செல்களில் 'ஐடி' என்று ஒரு புரதம் நிறைய இருக்கும். அதுவும் நுகத்தில் கழுத்தைக் கொடுக்கும், ஆனால் இழுக்காது. ஏனென்றால் டி.என்.ஏ.வைப் பிடிக்கிற பகுதியே அதற்கு இல்லை. அது 'இ' புரதங்களைத் தன்னோடு பூட்டிக்கொள்வதால் மயோ-டிக்கு ஜோடி கிடைக்காமல் போகிறது. சீரத்தைக் குறைத்தால் ஐடியின் அளவு விழுகிறது, 'இ' புரதங்கள் விடுபடுகின்றன.

மறுபாதி, செல் பிரியும் இயந்திரத்திலிருந்தே வருகிறது. சீரத்தில் இருக்கும் எஃப்.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகள் செல்லின் மேலே இருக்கும் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், உள்ளே ராஸ் என்கிற புரதம் விழிக்கும். அது ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை எழுப்பும், மெக் எர்க்கை எழுப்பும். கையிலிருந்து கைக்கு மாறும் செங்கல் மாதிரி இந்தச் செய்தி உட்கருவரை போகிறது. போய்ச் சேர்ந்ததும் சைக்ளின்-டி என்ற புரதம் உற்பத்தியாகிறது. சைக்ளின்-டி தன் கூட்டாளியான சி.டி.கே.-4 உடன் சேர்ந்து செல்லைப் பிரியவைக்கிறது. அதோடு நிற்காமல், அந்தக் கூட்டாளி நேராகப் போய் மயோ-டியையும் பிடித்து அமுக்குகிறது. பிரிகிற செல்லில் தசை மரபணு திறக்கக்கூடாது என்பதைப் பிரிவின் இயந்திரமே பார்த்துக்கொள்கிறது.

எதிர்த்திசையிலும் இதேதான். மயோ-டி ஒருமுறை விடுபட்டுவிட்டால், பி-21 என்ற புரதத்தை உருவாக்கவைக்கும். பி-21, சி.டி.கே.-க்களை முடக்கி, செல் பிரிவை நிறுத்திவிடும். இரண்டு பேர் ஒரே கதவின் இரு பக்கமும் நின்று தள்ளுகிற மாதிரி. யார் கொஞ்சம் முந்துகிறாரோ, அவர் பக்கம் கதவு முழுசாகத் திறந்துவிடும். அரைகுறையாக நிற்பதற்கு இடமே இல்லை.

கூட்டம் சேர்ந்தால்தான்

தடையை எடுத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தள்ளிவிடவும் ஆள் வேண்டும். அதில் முக்கியமானது பி-38 என்கிற பாதை. இது எர்க்கின் உறவுக்காரன்தான், ஒரே குடும்பம். ஆனால் வேலை நேர் எதிர். பி-38 கிளம்பினால் மயோ-டியின் ஜோடியான 'இ' புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டி, அந்த ஜோடியை உறுதியாக்குகிறது. மெஃப்-2 என்கிற இன்னொரு தசைப் புரதத்தையும் முடுக்கிவிடுகிறது. டி.என்.ஏ. இறுக்கமாகச் சுற்றிவைக்கப்பட்டிருக்குமே, அதை அவிழ்க்கிற இயந்திரத்தையும் தசை மரபணுக்கள் இருக்கும் இடத்துக்கு வரவழைக்கிறது.

பி-38ஐ எழுப்புவது யார்? பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது, பக்கத்துச் செல் தொடுவது. செல்களின் சவ்வில் இருக்கும் கேட்ஹெரின் என்ற ஒட்டும் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்ததும், அங்கிருந்து உள்ளே ஒரு செய்தி போய் பி-38 கிளம்புகிறது. தட்டு நிறைந்தபிறகுதான் சீரத்தை மாற்றுவார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதற்குக் காரணம் இதுதான். தனியாக நிற்கும் மயோபிளாஸ்ட் தசையாகத் தயங்கும்.

இதையே 1988-இல் ஜான் கர்டன் தவளைக் கருக்களில் பார்த்தார். தசையாக வேண்டிய செல்கள் தங்களைப் போன்ற மற்ற செல்களோடு போதிய எண்ணிக்கையில் சேர்ந்திருந்தால்தான் தசையாகின, சிதறிக் கிடந்தால் ஆகவில்லை. இதற்கு அவர் 'சமுதாய விளைவு' என்று பொருள்படும் பெயர் வைத்தார். 2012-இல் யமனாகாவோடு நோபல் பரிசு பெற்றவர் இதே கர்டன்தான், அது வேறு வேலைக்காக.

இன்சுலினைப் போன்ற ஐ.ஜி.எஃப். என்கிற காரணி மட்டும் ஒரு விதிவிலக்கு. அது பெருகவும் சொல்லும், தசையாகவும் சொல்லும். பல வருஷம் இது ஆய்வாளர்களைக் குழப்பியது. முதலில் எர்க் வழியாகப் பெருக்கத்துக்கும், பின்னால் ஏ.கே.டி. என்ற பாதை வழியாகத் தசையாவதற்கும் உதவுகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். தசையாகத் தொடங்கிய செல்கள் தங்களுக்கு வேண்டிய ஐ.ஜி.எஃப்.-2-ஐத் தாங்களே சுரந்துகொள்கின்றன என்பது இதில் சுவையான தகவல்.

இதெல்லாம் கூடி வந்தால், வரிசை இப்படிப் போகிறது. முதலில் மயோஜெனின் என்ற புரதம் வருகிறது. அடுத்து பி-21 வந்து பிரிவுக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. பிறகு சுருங்கி விரிய உதவும் மயோசின் போன்றவை. கடைசியில் செல்கள் கலப்பது. கலப்பதற்கென்றே ஒரு புரதம் இருப்பது 2013-இல்தான் தெரிந்தது, பெயர் மயோமேக்கர். இரண்டாவது கூட்டாளி 2017-இல் கிடைத்தது. அதை மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து மூன்று பெயர் வைத்துவிட்டதால், அந்தப் பெயர்ச் சண்டைக்குள் போகாமல் நகர்ந்துவிடுகிறேன்.

மயோஜெனின் இல்லாத எலிகளை 1993-இல் உருவாக்கினார்கள். அவற்றின் உடலில் மயோபிளாஸ்ட் இருந்தது, ஆனால் தசையிழைகள் மிகக் குறைவு. பிறந்ததும் இறந்துவிட்டன. வாசல்வரை வந்த செல்கள் உள்ளே போகவில்லை.

கருவில் யார் சொல்வது

கருவில் சீரத்தை மாற்ற யாரும் இல்லை. அங்கே இடம்தான் சமிக்ஞை. முதுகின் இரு பக்கமும் சோமைட் என்ற சிறு கட்டிகள் ஜோடி ஜோடியாக உருவாகும். உடலின், கைகால்களின் எலும்புத் தசையெல்லாம் அங்கிருந்து கிளம்புவதுதான். நடுவில் இருக்கும் முதுகுநாணிலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக், நரம்புக்குழாயின் மேல்பக்கத்திலிருந்து விண்ட் என்ற காரணிகள் கசிந்து வருகின்றன. இவை சோமைட்டின் செல்களைத் தசைப் பக்கம் திருப்புகின்றன. வெளி ஓரத்திலிருந்து வரும் பி.எம்.பி. "கொஞ்சம் பொறு" என்கிறது. எந்தச் செல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்தக் குரல் அதற்குப் பலமாகக் கேட்கிறது என்பது மாறும்.

கை, கால் தசைகளின் கதை இதில் தனி. அந்தச் செல்கள் சோமைட்டிலிருந்து கிளம்பி நடந்து போய்க் கைமொட்டுக்குள் சேர வேண்டும். போகிற வழியில் தசையாகிவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால் பயணம் முடியும்வரை மயோ-டி வராமல் தடுக்கப்படுகிறது. கிளம்பச் சொல்லும் குரல் எச்.ஜி.எஃப்., அதைக் கேட்கும் காது மெட் என்ற ஏற்பி. மெட் வேலை செய்யாத எலிக்கருவில் முதுகுத் தசை இருக்கும், ஆனால் கைகால்களில் தசையே இருக்காது, உதரவிதானத்திலும் இருக்காது. 1995-இல் வந்த முடிவு இது.

விதைநெல்

இனி வளர்ந்த உடலுக்கு வருவோம். 1961-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மவ்ரோ, தவளையின் தசையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது, இழைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் செல்களைக் கவனித்தார். துணைக்கோள் மாதிரி ஓரத்தில் இருப்பதால் சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். பழுதுபார்ப்பதற்கென்று ஒதுக்கிவைத்த செல்களாக இவை இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். ஊகம் சரிதான்.

நம் ஊரில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைத் தொடாதே என்பார்கள். சாட்டிலைட் செல்கள் தசையின் விதைநெல். தசை கிழிந்தால் எச்.ஜி.எஃப். முதலான காரணிகள் வெளிப்பட்டு இவற்றை எழுப்புகின்றன. மயோ-டி வருகிறது, செல்கள் பெருகுகின்றன, பிறகு நாம் பார்த்த அதே பாதையில் தசையாகின்றன. எல்லாமும் அல்ல. ஒரு பகுதி மயோ-டியை அணைத்துவிட்டு, பாக்ஸ்-7 என்ற புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி உறங்கப் போய்விடுகிறது. அடுத்த காயத்துக்கு அதுதான் முதல்.

அந்த உறக்கத்தைக் காவல் காப்பது நாட்ச் என்ற ஏற்பி. இதற்கான செய்தி ரத்தத்தில் மிதந்து வருவதில்லை. பக்கத்துச் செல்லின் சவ்வில் ஊன்றி நிற்கும் டெல்டா வகைப் புரதம் தொட்டால்தான் நாட்ச் விழிக்கும். விழித்ததும் அதன் உள்பகுதி வெட்டுப்பட்டு, தானே உட்கருவுக்குள் போய் மயோ-டியை அடக்கும் மரபணுக்களைத் திறக்கிறது. செங்கல் கைமாற்றம் எல்லாம் இங்கே கிடையாது, ஒரே ஓட்டம். 2012-இல் இரண்டு குழுக்கள் எலிகளின் சாட்டிலைட் செல்களில் மட்டும் இந்தப் பாதையைத் துண்டித்தன. காயமே படாத தசையில் அந்தச் செல்கள் தாமாக விழித்து, பெரும்பாலானவை ஒருமுறைகூடப் பிரியாமல் நேராக இழையோடு கலந்துவிட்டன. பார்வைக்குத் தசை நன்றாகத்தான் இருந்தது. காயப்படுத்தியபோதுதான் தெரிந்தது, பழுதுபார்க்க ஆளே இல்லை.

வயதான தசை மெதுவாக ஆறுவதிலும் நாட்சுக்குப் பங்கு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராண்டோவும் இரினா, மைக்கேல் கான்பாய் தம்பதியும் 2003-இல், கிழட்டு எலியின் காயத்தில் டெல்டா போதிய அளவு மேலே வருவதில்லை என்று காட்டினார்கள். 2005-இல் கிழட்டு எலியையும் இளம் எலியையும் ரத்த ஓட்டத்தில் இணைத்தபோது, கிழட்டு எலியின் நாட்ச் மறுபடி விழித்தது, காயமும் நன்றாக ஆறியது. அதாவது விதைநெல் இருந்தது, முளைக்கச் சொல்லும் சூழல்தான் இல்லை. இதை வைத்து "இளரத்தம் ஏற்றுகிறோம்" என்று அமெரிக்காவில் கடை விரித்தவர்களை 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்க வேண்டியதாயிற்று. எலியில் நடந்த ஒரு பரிசோதனையிலிருந்து அவ்வளவு தூரம் தாவக்கூடாது.

இடையில் ஒரு விஷயம், நேயர்கள் அடிக்கடி கேட்பது. உடற்பயிற்சி செய்தால் புதுத் தசையிழைகள் முளைக்கிறதா? பெரும்பாலும் இல்லை. இருக்கிற இழைகள்தான் பருக்கின்றன. சாட்டிலைட் செல்கள் வந்து கலந்து கூடுதல் உட்கருக்களைத் தருகின்றன. இழைகளின் எண்ணிக்கையே கூடிய தசையைப் பார்க்கணும்னா பெல்ஜியன் புளூ மாட்டைப் பாருங்க. அதற்கு மயோஸ்டாட்டின் என்கிற தடைப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யாது. 1997-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மெக்ஃபெரானும் செ-ஜின் லீயும் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஒவ்வொரு தசையும் இரண்டு மூன்று மடங்கு எடை இருந்தது. தசைநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் டிஷென் நோயில் ஒரு பெரிய மருந்து நிறுவனம் சோதித்த மயோஸ்டாட்டின் எதிர்ப்பு மருந்து பலன் தராமல் 2018-இல் கைவிடப்பட்டது. அந்தச் சிறுவர்களின் ரத்தத்தில் மயோஸ்டாட்டின் ஏற்கெனவே குறைவுதான். இல்லாத பூட்டைக் கழற்றி என்ன பயன்?

கதவு சிக்கிக்கொண்டால்

குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோசர்கோமா என்ற புற்றுநோய் இருக்கிறது. அது இந்த நோய்தானா என்று உறுதிசெய்ய, கட்டியின் துண்டில் மயோ-டியும் மயோஜெனினும் இருக்கிறதா என்றுதான் நோயியல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க, தசையாக்கும் தலைவர்களே அந்தக் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனாலும் செல் பெருகிக்கொண்டே இருக்கிறது. வாசலில் சிக்கிக்கொண்ட மயோபிளாஸ்ட் அது.

இந்தக் கட்டிகளில் ஒரு வகையில் ராஸ் மரபணு பழுதாகி, யாரும் அழைக்காமலே "பெருகு, பெருகு" என்று கத்திக்கொண்டிருக்கும். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட செல்களுக்கு ட்ராமெட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது மெக்கை முடக்கும். ராஸ் கத்தினாலும் செய்தி எர்க்குக்குப் போகாது. அந்தப் புற்றுச் செல்களில் மயோஜெனின் எழுந்தது, மயோசின் வந்தது, செல்கள் தசையாகத் தொடங்கின. எர்க் நேராக மயோஜெனின் மரபணுவின் மேலேயே போய் உட்கார்ந்து அதை அடைத்துவைத்திருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. சி2சி12 தட்டில் சீரத்தைக் குறைத்த அதே வேலைதான், ஒரு மாத்திரையின் வடிவில். தட்டிலும் எலியிலும் நடந்தது அது. குழந்தைகளுக்கான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

எதிர்ப்பக்கம் டிஷென் தசைச்சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது, ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு. நடக்கத் தொடங்கிய பிள்ளை அடிக்கடி விழும், தரையிலிருந்து எழும்போது தொடையில் கைகளை ஊன்றி ஊன்றி எழும். பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலி. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசையிழையின் சவ்வு ஒவ்வொரு அசைவிலும் கிழிகிறது, சாட்டிலைட் செல்கள் ஓயாமல் பழுதுபார்க்கின்றன, கடைசியில் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ரொம்ப நாள் நாம் புரிந்துவைத்திருந்தது இவ்வளவுதான்.

2015-இல் ஒட்டாவாவில் மைக்கேல் ருட்னிக்கியின் குழு இன்னொன்றையும் காட்டியது. டிஸ்ட்ரோஃபின் இழையில் மட்டும் இல்லை, சாட்டிலைட் செல்லிலும் இருக்கிறது. அந்தச் செல் இரண்டாகப் பிரியும்போது ஒன்று தசைப் பக்கம் போகணும், மற்றது சேமிப்பில் நிற்கணும். எது எந்தப் பக்கம் என்று செல்லுக்குத் திசை காட்ட டிஸ்ட்ரோஃபின் வேண்டும். அது இல்லாதபோது இந்தப் பாகப்பிரிவினை குழம்புகிறது, தசையாக வேண்டிய செல்கள் குறைவாகவே உருவாகின்றன. அப்படியென்றால் இந்த நோய் தேய்மானம் மட்டும் இல்லை, பெருகுவதா தசையாவதா என்ற முடிவிலேயே கோளாறு.

இந்த இடத்தில் ஒரு மருந்து வந்திருக்கிறது. எச்டாக் என்ற நொதிகள் டி.என்.ஏ.வை இறுக்கிச் சுற்றிவைத்து மரபணுக்களை மூடும். மயோ-டியும் மெஃப்-2-வும் அடங்கியிருக்கும் காலத்தில் அவற்றின் பக்கத்திலேயே எச்டாக்குகள் காவல் நிற்கும். ஆரோக்கியமான தசையில் டிஸ்ட்ரோஃபினோடு ஒட்டிய ஒரு நொதி நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கி, அந்தக் காவலைத் தளர்த்துகிறது. டிஸ்ட்ரோஃபின் போனால் அந்த நொதியும் இடம் பெயர்ந்துவிடுகிறது, எச்டாக்குகள் கட்டுக்கடங்காமல் போகின்றன. அவற்றை முடக்கும் ஜிவினோஸ்டாட் என்ற வாய்வழி மருந்தை 2024 மார்ச்சில் அமெரிக்கா, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன டிஷென் நோயாளிகளுக்கு அனுமதித்தது. எந்த மரபணுப் பிழையால் நோய் வந்தது என்று பார்க்காமலே இதைத் தரலாம். ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து 18 மாதம் கொடுத்துப் பார்த்ததில், நான்கு படிக்கட்டு ஏற எடுக்கும் நேரம், மருந்து எடுக்காத சிறுவர்களுக்குக் கூடிய அளவுக்கு இவர்களுக்குக் கூடவில்லை.

நோய் நின்றுவிடவில்லை. டிஸ்ட்ரோஃபின் திரும்பி வரவில்லை. ரத்தத்தட்டுகள் குறைகிற பக்கவிளைவும் இருக்கிறது, அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். விலை இன்னொரு மலை. ஆனாலும் அந்த வயதில் நான்கு படிக்கட்டு என்பது, பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்குத் தானாகவே ஏறிப்போவது. அதை ஒரு வருஷம் தள்ளிப்போட முடிந்தால் அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய வருஷம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்த எபிசோடில் இதே டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் நீளத்தைப் பற்றியும், அதைச் சுருக்கி வைரஸில் ஏற்றி அனுப்பும் முயற்சிகளைப் பற்றியும் பேசுவோம். கேள்விகள் இருந்தால் எழுதுங்க.